கோடி கிலோமீட்டரோ ஆங்ஸ்ட்ராமோ, மொதல்ல மீட்டருக்கு வாங்க

கொடைக்கானல் அப்சர்வேட்டரி பத்தி எதை படிச்சாலும் ரெண்டு விதமான நீளம் ஒண்ணா வரும். ஒரு பக்கம் சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும்பாங்க, இன்னொரு பக்கம் அவங்க படம் எடுக்குற கால்சியம் கே கோடு (சூரிய ஒளியில கால்சியத்தால வர்ற ஒரு கோடு) அலைநீளம் 3,934 ஆங்ஸ்ட்ராம்பாங்க, அதாவது மீட்டரை விட ரொம்ப ரொம்ப சின்ன யூனிட். இங்க ப்ளஸ் டூ பசங்க இந்த ரெண்டும் ஒரே கணக்குல வந்துட்டா முழிக்கிறாங்க. கூகுள்ல போட்டா வந்துரும்தான், ஆனா மிஸ்ட் எறங்கி டவர் போயிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க, எக்ஸாம் ஹால்லயும் கூகுள் கெடையாது.

எந்த யூனிட்டா இருந்தாலும் மொதல்ல மீட்டராக்குங்க, அப்புறம் வேணுங்கற யூனிட்டுக்கு போங்க. கிலோமீட்டர்ல இருந்து நேரா நானோமீட்டருக்கு தாவுனா எங்கயாவது ரெண்டு சைபர் காணாம போகும். கிலோ 10³, மைக்ரோ 10⁻⁶, நானோ 10⁻⁹, ஆங்ஸ்ட்ராம் 10⁻¹⁰ மீட்டர், பிக்கோ 10⁻¹². ஒளியாண்டு 9.46 × 10¹⁵ மீட்டர். இவ்வளவு மனப்பாடமா இருந்தா போதும்.

நம்மாளுங்க மாட்டுறது லட்சம் கோடியில. லட்சம்னா 10⁵, கோடின்னா 10⁷, அதை அப்படியே பவரா எழுதிருங்க. 15 கோடி கிலோமீட்டர் = 15 × 10⁷ × 10³ = 15 × 10¹⁰, புள்ளிய ஒரு இடம் இடது பக்கம் தள்ளுனா பவர் ஒண்ணு ஏறும், 1.5 × 10¹¹ மீட்டர். இதை ஆங்ஸ்ட்ராமாக்க 10⁻¹⁰ஆல வகுக்கணும், வகுக்கும்போது பவரை கழிக்கணும், மைனஸை கழிச்சா ப்ளஸ், ஆக 11 + 10 = 21, விடை 1.5 × 10²¹ ஆங்ஸ்ட்ராம். இங்கதான் பாதி பேரு 10¹னு எழுதி வைப்பாங்க. சின்ன யூனிட்டுக்கு போனா எண் பெருசாகணும், அது சிறுசாச்சுன்னா பவர்ல குறி மாறிருச்சுன்னு அர்த்தம்.

சரி, இது எதுக்கு உதவும்? 1909ல ஜான் எவர்ஷெட் இதே கொடைக்கானல்ல சூரியப்புள்ளியோட ஓரத்துல வாயு வெளிப்பக்கமா ஓடுறதை கண்டுபிடிச்சாரு. எப்படின்னா நிறமாலைக் கோடு லேசா நகர்ந்திருந்துச்சு. வாயு ஓடுற வேகத்தை ஒளியோட வேகத்தால வகுத்து, கோட்டோட அலைநீளத்தால பெருக்குனா எவ்வளவு நகரும்னு தெரிஞ்சிரும். எவ்வளவு லேசுன்னு நாமளே போட்டுப் பாக்கலாம்: வேகம் செகண்டுக்கு 2 கிலோமீட்டர்னு வச்சுக்குங்க, ஒளி 3 லட்சம் கிலோமீட்டர், ரெண்டும் ஒரே யூனிட்ல இருக்கறதால மாத்தவே வேண்டாம், வகுத்தா 6.67 × 10⁻⁶. கோடு 6,300 ஆங்ஸ்ட்ராம்னா அதாவது 6.3 × 10⁻⁷ மீட்டர், பெருக்குனா 4.2 × 10⁻¹² மீட்டர், வெறும் 4.2 பிக்கோமீட்டர்! அந்தக் காலத்துல இதை போட்டோ தட்டுல அளந்திருக்காங்கன்னா சும்மாவா.

கால்குலேட்டர்ல ஒரு கண்ணி இருக்கு. ஈஎக்ஸ்பி (EXP) பட்டன்லயே "× 10 பவர்" இருக்கு, அதனால 1.5 அடிச்சு ஈஎக்ஸ்பி அடிச்சு 11 அடிச்சா போதும், நடுவுல "× 10" அடிச்சீங்கன்னா பத்து மடங்கு கூடிரும்.

பரப்பளவு வந்தா பவரையும் டபுள் பண்ணுங்க, 1 சதுர கிலோமீட்டர்னா 10⁶ சதுர மீட்டர், 10³ இல்ல.

போட்டுப் பாக்க ஒண்ணு: ஊட்டி முத்தொரை ரேடியோ டெலஸ்கோப் 530 மீட்டர் நீளம், அது பிடிக்கிற அலை சுமார் 92 சென்டிமீட்டர். அந்த நீளத்துல எத்தனை அலை அடங்கும்? 576 பக்கம் வந்தா ரைட்டு, 5.76 வந்தா சென்டிமீட்டரை மாத்தாம விட்டுட்டீங்க.