டிக்கெட் விலையைக் கடைசியில் பாருங்கள்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து தீம் பார்க் போகிறவர்களுக்கு

பிள்ளைகள் தீம் பார்க் கேட்டுவிட்டால் நம் ஆட்கள் உடனே போனை எடுத்துத் தேடுவது டிக்கெட் விலையைத்தான். தலைக்கு இவ்வளவு, வீட்டில் ஆறு பேர் என்று பெருக்கிப் பார்த்து, "சரி, சமாளிச்சிடலாம்" என்று முடிவாகிவிடும். ஆனால் தொண்டியில் கிளம்பினாலும் ராமேஸ்வரத்தில் கிளம்பினாலும், செலவில் பெரிய பங்கு கேட்டைத் தொடுவதற்கு முன்பே போய்விடுகிறது. திரும்பி வந்து கணக்குப் பார்க்கும்போதுதான் அது உறைக்கிறது.

அதனால் எந்தப் பார்க் என்று முடிவு செய்வதற்கு முன்பு, உள்ளே எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று பாருங்கள். பொதுவாகக் காலை பத்தரை, பதினொன்றுக்குத் திறந்து மாலை ஆறு, ஆறரைக்கு மூடிவிடுவார்கள். தண்ணீர் விளையாட்டுகள் அதற்கும் முன்பே நின்றுவிடும். நண்பகல் ஒரு மணிக்குப் போய் நிற்கிற குடும்பமும் முழு டிக்கெட்தான் எடுக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது மதுரை பரவையில், திண்டுக்கல் சாலையில் இருக்கும் 'அதிசயம்' பார்க். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டர் சொச்சம், ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170. நம் பஸ்கள் மாட்டுத்தாவணியில் நிற்கும், பரவை ஊருக்கு மறுகோடியில் இருக்கிறது. இந்த ஊரைக் கடக்கிற நேரத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ராமநாதபுரத்துக்காரர் விடிகாலை ஆறு மணிக்குள் பஸ் ஏறினால் திறக்கும் நேரத்துக்குச் சாவகாசமாகப் போய்ச் சேரலாம். ராமேஸ்வரத்துக்காரர் நான்கு, நாலரைக்கே ஏற வேண்டும். மதுரைக்குள் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பாட்டி, அம்மா, அத்தை என்று போகிற குடும்பத்துக்கு அதுவே ஒரு தேநீர்ச் செலவு மிச்சம்.

மதுரை என்றதும் இன்னொரு சபலம் வரும். "அவ்வளவு தூரம் போறோம், அப்படியே மீனாட்சியம்மனைப் பார்த்துட்டு, துணி எடுத்துட்டு வந்துடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கோயில் நடை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தி நான்கு மணிக்குத் திறக்கும். பார்க்கின் முக்கியமான நேரமும் அதே பொழுதுதான். காலையில் கோயிலுக்குப் போனால் பார்க் பாதியாகிவிடும், மாலையில் போகலாம் என்றால் நனைந்து களைத்த பிள்ளைகளை வரிசையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். துணிக்கடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே போகிற பணத்தில் இன்னொரு முறை பார்க்குக்கே போய்வரலாம். ஒரு நாளுக்கு ஒரு வேலை போதும்.

சென்னை வேறு கணக்கு. 500 கிலோமீட்டருக்கு மேல், குறைந்தது இரண்டு இரவு ரயிலில் கழியும். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம் பார்க்குகள் பல காலமாக இருக்கின்றன. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லாவும் திறந்துவிட்டது. பழக்க தோஷத்தில் எல்லாரும் எழும்பூர் வரைக்கும் டிக்கெட் போட்டுவிட்டு, அங்கிருந்து டாக்சி பிடித்துத் தெற்கே திரும்பி வருகிறார்கள். திருப்போரூர் பக்கம் போகிறவர்கள் செங்கல்பட்டிலேயே இறங்கிவிடலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. விடுமுறை நெருங்கியதும் தத்காலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆறு பேர் குடும்பத்துக்கு ஆகாது. நாலு பேருக்கு உறுதியாகி இரண்டு பேர் தொங்கினால் கடைசியில் வேன்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

வேன் என்றால் பேசும்போதே எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும். கிலோமீட்டர் கணக்கு ஷெட் டு ஷெட்டா, அதாவது வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பித் திரும்பிப் போய் நிற்கிற வரைக்குமா, நம் வீட்டு வாசலிலிருந்தா? டிரைவர் படி எவ்வளவு? போகலூர், திருப்பாச்சேத்தி டோல் யார் கட்டுவது? வண்டி நிற்கிற நேரத்துக்குக் காசு உண்டா? இவற்றைக் கேட்காமல் "பார்த்துக் குடுங்கண்ணே" என்று ஏறினால் இறங்கும்போது அவர் பார்த்து வாங்கிக்கொள்வார். தேதியிலும் கவனம் வேண்டும். அக்டோபர் கடைசியில் பசும்பொன் தேவர் குருபூஜை, செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள் என்று வரும்போது வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் பாதை மாற்றமும் இருக்கும். சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரையைக் கடப்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

எப்போது போவது என்பதில் கடல் தொழில் குடும்பங்களுக்கு ஒரு விசேஷ சிக்கல் உண்டு. பள்ளிக்கூட லீவும் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாக வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் கிடக்கும். அப்பா வீட்டில் இருப்பார், வருமானம் இருக்காது. போதாக்குறைக்குப் படகுக்கு மராமத்து, பெயிண்ட் செலவு. அந்த நேரத்தில் குழுக் கடன் எடுத்து டூர் போனால், ஒரு நாள் ஆட்டத்துக்கு மாதக்கணக்கில் தவணை கட்ட வேண்டியிருக்கும். தடைக்கால நிவாரணத்தில் கை வைப்பதும் வேண்டாம், அது அரிசிக்கும் பருப்புக்கும் உள்ள பணம். மீன்பாடு நன்றாக இருக்கிற மாதங்களில் சிறுகச் சிறுக எடுத்து வைத்திருந்தால் மட்டும் தடைக்காலத்தில் கிளம்புங்கள். அப்படி வைத்திருப்பவர்களுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. ஆபீஸ் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்பார்கள், நீங்கள் செவ்வாய், புதனில் போகலாம். பல பார்க்குகளில் வார நாள் டிக்கெட் குறைவு, ஆன்லைனில் முன்பே எடுத்தால் இன்னும் குறையும். போட்டிருக்கும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கின் சொந்த வெப்சைட்டில் மட்டும் எடுங்கள், வாட்ஸ்அப்பில் வருகிற பாதி விலை டிக்கெட்டை நம்ப வேண்டாம்.

அப்புறம் அளவுகோல். ரயிலில் பிள்ளைக்கு வயசு பார்ப்பார்கள், பார்க்கில் உயரம் பார்ப்பார்கள். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் ரயிலில் அரை டிக்கெட். அதே பிள்ளை கொஞ்சம் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தால் பார்க்கில் முழு டிக்கெட். வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை சிறுவர் டிக்கெட். மற்ற இடங்களில் இந்தக் கோடு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கேட்டில் அளவுகோலுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றச் சொல்லி, தலையை அமுக்கி, முழங்காலை லேசாக மடக்கச் சொல்கிற அப்பாக்களைப் பார்க்கலாம். அந்தக் காசை மிச்சம் பிடித்தால் உள்ளே வேறு வினை வரும். பெரிய ரோலர் கோஸ்டருக்கும் உயரக் கணக்கு உண்டு, குட்டையாக அளந்த பிள்ளையை அங்கே ஏற்ற மாட்டார்கள். வீட்டுச் சுவரிலேயே பென்சிலால் கோடு போட்டு அளந்துவிட்டு, அந்தப் பிள்ளை எதில் ஏறலாம் என்று வெப்சைட்டில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். வாசலில் அழுகை குறையும்.

தாத்தா பாட்டி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் பாசத்தில் தவறு செய்கிறார்கள். "சும்மா உட்கார்ந்து பார்க்கத்தானே" என்று கூட்டிப் போகிறார்கள். உட்கார்ந்து பார்க்கவும் டிக்கெட் உண்டு. அறுபது தாண்டியவர்களுக்குச் சில இடங்களில் சலுகை கொடுக்கிறார்கள், ஆதார் கையில் இருக்கட்டும். இதய நோய், முதுகு வலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் பெரிய ராட்டினங்களில் ஏற்ற மாட்டார்கள். அப்பத்தா உண்மையில் ஆசைப்படுகிறாரா, நாம் தனியாக விட மனசில்லாமல் இழுக்கிறோமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வீட்டில் இருக்கத்தான் விரும்புவார்கள்.

உடைதான் கண்ணுக்குத் தெரியாத செலவு. தண்ணீர் விளையாட்டுகளில் பருத்தித் துணி, சேலை, கைலி, துப்பட்டா எதையும் விட மாட்டார்கள். பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், துப்பட்டா சறுக்கலில் சிக்கும். தெரியாமல் போனால் உள்ளே இருக்கிற கடையில் நாலு பேருக்கு நாலு செட் வாங்க வேண்டியதுதான். பையன்களுக்கு வாங்கவே தேவையில்லை. முதுகில் பெயரும் நம்பரும் அடித்த கபடி, வாலிபால் ஜெர்சி நம் பக்கம் வீட்டுக்கு இரண்டு கிடக்கும், அந்தப் பாலியஸ்டர் போதும். பெண்களுக்கு உடம்பு முழுக்க மூடும் நைலான் நீச்சல் உடை தலைத் துணியோடு கிடைக்கிறது. கீழக்கரை, தொண்டிப் பக்கக் குடும்பங்கள் அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போகலாம், எந்த மாதிரி உடைக்கு அனுமதி என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டால் வாசலில் சங்கடம் இல்லை.

நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அலைக் குளத்தில் ஒரு கம்மல் திருகாணி கழன்று விழுந்தால் மொத்த டூர் செலவும் அதற்கு முன்னால் தூசு. லாக்கர் உண்டு, அதற்கும் வாடகை, முன்பணம் உண்டு.

அலைக் குளம் என்றதும் பெரியவர்கள் சிரிப்பார்கள். கடலை வாசலில் வைத்துக்கொண்டு காசு கொடுத்து அலை பார்ப்பதா? ஆனால் பாக் நீரிணைப் பக்கம், நாம் பெண் கடல் என்கிற கடல், குளம் மாதிரி கிடப்பது. அதில் வளர்ந்த பிள்ளைக்கு அலை புதுசுதான், சிரிக்காதீர்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் வாசலில் தூக்கிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் சட்டம், குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. புளியோதரையைக் கேட்டுக்கு வெளியிலேயே பத்து மணிக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நுழையுங்கள், மதியம் உள்ளே சின்னதாக ஏதாவது வாங்கினால் போதும். சாப்பாட்டோடு சேர்ந்த காம்போ டிக்கெட் பெரியவர்களுக்குக் கட்டும், நாலு வாய் சாப்பிடுகிற பிள்ளைக்குக் கட்டாது.

சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் செலவு மிச்சம் என்பது பாதி உண்மைதான். குண்டு மிளகாய், கருவாடு, பிள்ளைகளுக்கு ஏதாவது என்று பை நிறையக் கொண்டுபோக வேண்டும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் பார்க்குக்குக் கூப்பிடாமல் இருக்க முடியாது. அந்த டிக்கெட்டையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டில் இருப்பது பள்ளிக்கூடம் போகாத சின்னஞ்சிறுசு மட்டும்தான் என்றால், இவ்வளவும் வேண்டாம். டிக்கெட் இலவசமாக இருந்தாலும் ஏறுவதற்கு அங்கே நாலைந்துக்கு மேல் இருக்காது, பாதி நேரம் தூங்கும். அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், ஆழம் குறைந்த தண்ணீர், சவுக்கு நிழல், போக வர அரை நாள். பார்க்குக்கு அந்தப் பிள்ளை உயரம் 120 சென்டிமீட்டர் தாண்டட்டும்.