வேர்டில் மவுஸைத் தேடாமல் வேலை பார்க்க

வேர்ட் ஷார்ட்கட், அதாவது விசைகளை அழுத்தியே வேலையை முடிக்கும் சுருக்குவழி, என்று இணையத்தில் தேடினால் நூறு நூற்றைம்பது வரியில் ஒரு பட்டியல் வந்து விழும். அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுகிறவர்கள் உண்டு, பார்த்துப் பழகியவர் யாரையும் நான் கண்டதில்லை. தினமும் நாலைந்து பக்கம் தமிழில் அடிக்கிறவருக்குப் பதினைந்து, இருபது தெரிந்தால் தாராளம். அதிலும் முதலில் பழக வேண்டியது நகர்வதற்கான விசைகளை. அடிக்கிற நேரத்தைவிட, அடித்து வைத்ததில் ஒரு சொல்லைத் தேடிப் போய் மவுஸால் குறிபார்த்து கிளிக் செய்வதில்தான் நேரம் கரைகிறது.

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இட, வல அம்புக்குறிகளைத் தட்டினால் கர்சர் சொல் சொல்லாகத் தாவும், மேல், கீழ் அம்புக்குறி என்றால் பத்தி பத்தியாக. ஹோம், எண்ட் இரண்டும் வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும், அவற்றோடு கன்ட்ரோலைச் சேர்த்தால் கோப்பின் தலைக்கும் வாலுக்கும். சரி, இப்போது இவை எல்லாவற்றோடும் ஷிப்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், போகிற வழியெல்லாம் தேர்வாகிக்கொண்டே போகும். தனியாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை: கன்ட்ரோல் தாவ, ஷிப்ட் பிடிக்க. கடைசியாக அடித்த சொல் பிடிக்கவில்லையா, கன்ட்ரோல் பேக்ஸ்பேஸ், முழுச் சொல்லும் போய்விடும்.

தமிழில் அடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் ‘கொ’ என்பது க என்ற எழுத்தும் ஒகரக் குறியும் சேர்ந்தது. அதனால் ‘கொடி’யைக் ‘கோடி’ ஆக்க வேண்டுமென்றால், ‘கொ’வுக்குப் பின்னால் கர்சரை நிறுத்தி ஒரே ஒரு பேக்ஸ்பேஸ் போதும். குறி மட்டும் உதிர்ந்து ‘க’ நிற்கும், அதற்கு ஓகாரக் குறியைப் போட்டுவிடலாம். அதே ‘கொ’வுக்கு முன்னால் நின்று டெலிட்டை அழுத்தினால் எழுத்தே முழுசாகப் போய்விடும். இது தெரியாமல் சொல்லையே அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறவர்கள்தான் அதிகம்.

காப்பி, பேஸ்ட் உங்களுக்கே தெரியும். வெட்டி ஒட்டும் இந்த முறையை 1970களில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள். இசட், எக்ஸ், சி, வி நான்கும் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் இடக்கை ஒன்றே போதும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், வாட்ஸ்அப்பிலிருந்தோ ஏதாவது இணையப் பக்கத்திலிருந்தோ எடுத்து ஒட்டும்போது அந்த ஊர் எழுத்துருவும் நிறமும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒட்டிய கையோடு கன்ட்ரோலை ஒருமுறை தட்டிவிட்டு, டெக்ஸ்ட் என்பதன் முதலெழுத்தான ஆங்கில T-யைத் தட்டுங்கள், வெறும் எழுத்து மட்டும் நிற்கும்.

அப்புறம், அதிகம் பேர் பயன்படுத்தாத இரண்டு. நேற்று மூடி வைத்த கோப்பை இன்று திறந்ததும் ஷிப்ட் எஃப்5 அழுத்தினால், கடைசியாகக் கைவைத்த இடத்துக்கே வேர்ட் கொண்டுபோய் விடும். எஃப்4, கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும். லேப்டாப்பில் இவற்றை அழுத்தி ஒலி கூடினால் அல்லது திரை மங்கினால் பயப்படாதீர்கள், கூடவே எஃப்என் விசையையும் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இனி, எனக்குக் கோபம் வரும் பகுதி. தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போவது, புதுப் பக்கத்துக்குப் போக என்டரை இருபது தடவை அழுத்துவது. மேலே ஒரு வரி கூடினால் எல்லாம் சரிந்துவிடும். நடுவில் வைக்க கன்ட்ரோல் இ, புதுப் பக்கத்துக்கு கன்ட்ரோல் என்டர். யாராவது அனுப்பிய கோப்பு காரணமில்லாமல் ஆட்டம் காட்டினால் கன்ட்ரோல் ஷிப்ட் 8 அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு புள்ளியாக, ஒவ்வொரு என்டரும் ஒரு குறியாகக் கண்ணுக்குத் தெரியும். நோய் எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஆய்வேடு, விழா மலர் மாதிரி நீளமான வேலை என்றால் தலைப்புகளைப் பெரிதாக்கி போல்ட் செய்து விட்டுவிடாதீர்கள். தலைப்பில் நின்று கன்ட்ரோல் ஆல்ட் 1, உட்தலைப்புக்குக் கன்ட்ரோல் ஆல்ட் 2. இப்படிச் செய்து வைத்தால் ரெஃபரன்சஸ் பகுதியில் பொருளடக்கம் தானாக உருவாகும், பக்கங்கள் மாறினால் அதன்மேல் கிளிக் செய்து எஃப்9, எண்கள் சரியாகிவிடும். பொருளடக்கத்தைக் கையால் அடித்துப் பக்க எண் போட்டுக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

தேடி மாற்ற கன்ட்ரோல் ஹெச். தமிழ்க் கோப்பில் இதற்குத் தனி வேலை இருக்கிறது. ‘கௌரவம்’ என்பதைப் பலர் ‘கெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்து ‘கெளரவம்’ என்று வைத்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது. ‘கெளரவ’ என்று தேடி ‘கௌரவ’ என்று மாற்றுங்கள். சோம்பல்பட்டு ‘கெள’ என்று மட்டும் கொடுத்து மொத்தமாக மாற்றினீர்களானால் கெளுத்தி மீனும் சேர்ந்து கெட்டுப்போகும்! அதனால் கொஞ்சம் நீளமாகவே தேடுங்கள், ‘எல்லாவற்றையும் மாற்று’ என்பதை அழுத்துமுன் நாலைந்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். தப்பாகிவிட்டால், செய்ததை ரத்து செய்ய கன்ட்ரோல் இசட் இருக்கிறது.

‘ரூ. 500’ என்று அடித்தால் ரூ. ஒரு வரியிலும் 500 அடுத்த வரியிலும் போய் விழுவது, ஊர்ப் பெயரின் முதலெழுத்து ஒரு வரியிலும் ஆள் பெயர் அடுத்த வரியிலும் நிற்பது, இதெல்லாம் அச்சில் பார்க்க அசிங்கமாக இருக்கும். அந்த இடத்தில் சாதாரண ஸ்பேஸுக்குப் பதில் கன்ட்ரோல் ஷிப்ட் ஸ்பேஸ் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டே நகரும்.

வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதில் பாதிக்கு மேல் அங்கும் அப்படியே வேலை செய்யும், ஆனால் தலைப்புக்கு அங்கே வெறும் கன்ட்ரோல் 1. வேர்டிலோ அதே கன்ட்ரோல் 1 வரி இடைவெளியை மாற்றிவிடும். வேர்டில் பத்தியின் வடிவமைப்பை நீக்கும் கன்ட்ரோல் கியூ, அங்கே மென்பொருளையே மூடிவிடும்.

பழகுவதற்கு ஒரே வழி, ஒரு வாரத்துக்கு இரண்டே விசைகளை எடுத்துக்கொள்வது. திரையின் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள், கை மவுஸுக்குப் போகும்போதெல்லாம் இழுத்துப் பிடியுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், வேகமும் குறையும். இங்கே சொல்லாத ஒன்று தேவைப்பட்டால் ஆல்டை ஒருமுறை தட்டுங்கள், மேலே உள்ள ஒவ்வொரு பொத்தானின் மேலும் ஓர் எழுத்து முளைக்கும், அதைத் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.