ஈமக்காட்டு இரும்பை ஆய்வு செய்வது எப்படி?

முதுமக்கள் தாழியிலிருந்தோ, கற்பலகைகளால் அமைத்த கல்லறையான கல்பதுக்கையிலிருந்தோ வெளிவரும் வாளும் ஈட்டிமுனையும் பெரும்பாலும் மண்ணும் துருவும் இறுகிய கட்டியாகவே கைக்கு வருகின்றன. அந்தக் கட்டியைக் கழுவித் துடைத்துவிடக் கூடாது. ஈமப் பொருள்களைச் சுற்றியிருந்த துணியின் நெசவும், மரக்கைப்பிடியின் இழையும், உமியின் தடமும் துருவிலேயே பதிந்திருக்கும். தூரிகையால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாலே அவை உதிர்ந்துவிடும்.

பொருளை எடுப்பதற்கு முன்பே அது தாழிக்கு உள்ளே கிடந்ததா வெளியே கிடந்ததா, எவ்வளவு ஆழத்தில், எதன்மேல் கிடந்தது என்பதைப் படத்துடன் பதிவு செய்ய வேண்டும். அருகிலுள்ள கரித்துண்டையும் நெல்மணியையும் கை படாமல் இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதிய வேண்டும். இரும்பை சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில், ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இருக்குமாறு வைக்க வேண்டும். துருவில் தங்கியுள்ள குளோரைடு உப்பு ஈரத்தை ஈர்த்தால் பொருள் செதில் செதிலாகப் பிளந்து போகும்.

அடுத்தது எக்ஸ்ரே. துருவுக்குள் ஒளிந்திருக்கும் வடிவத்தையும், உலோகம் எங்கே எஞ்சியிருக்கிறது என்பதையும் அது காட்டுவதால், எங்கே வெட்டலாம் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். வெட்டுவதற்கு உரிய துறையின் அனுமதி வேண்டும். வெட்டும்போது சூடேறினால் உலோகத்தின் உள்ளமைப்பே மாறிவிடும் என்பதால், குளிர்விக்கும் நீர்மத்துடன் மெதுவாக அறுத்து, வெட்டுவாயிலிருந்து உட்பகுதி வரை செல்லும் சிறு ஆப்பு வடிவத் துண்டாக எடுப்பது நல்லது. வாய்ப்பகுதிக்கு மட்டும் எஃகு சேர்த்து அடித்திருந்தால் அது இந்தக் குறுக்குவெட்டில்தான் தெரியும்.

துண்டை எபாக்சி பிசினில் பதித்து, 240 முதல் 1200 வரையிலான உப்புத்தாள்களில் படிப்படியாகத் தேய்த்து, 1 மைக்ரான் வைரப் பசையால் மெருகேற்ற வேண்டும். அமிலம் இடாமலேயே நுண்ணோக்கியில் முதலில் கசடுத் துணுக்குகளை, அதாவது இரும்பைப் பிரித்தபோது உள்ளே சிக்கிய கழிவை, பார்க்க வேண்டும். அவை நீண்டு கிடக்கும் திசை, கொல்லர் உலோகத்தை அடித்து நீட்டிய திசையைக் காட்டும். பிறகு 2 விழுக்காடு நைட்டலை (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) சில நொடிகள் இட்டால், கரிமம் ஏறக்குறைய இல்லாத இரும்பான ஃபெரைட் வெண்மையாகவும், ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக அமைந்த பெர்லைட் கருத்தும் தெரியும். கரிமம் 0.8 விழுக்காட்டை நெருங்கினால் பரப்பு முழுவதும் பெர்லைட்டாகவே இருக்கும். எஃகு சட்டென்று குளிரும்போது உண்டாகும், ஊசி ஊசியான கடின அமைப்பாகிய மார்ட்டென்சைட் தெரிந்தால், கருவியைக் காய்ச்சி நீரில் தோய்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ஆனால் ஈமக்காட்டு இரும்பில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிதையில் உடலோடு சேர்ந்து எரிந்த கத்தி மீண்டும் சூடேறி மெதுவாக ஆறியிருக்கும். அப்போது கொல்லர் தோய்த்து ஏற்றிய கடினம் மறைந்து, கார்பைடு சிறு உருண்டைகளாகத் திரண்டு நிற்கும். ஆகவே மார்ட்டென்சைட் இல்லாத ஒரே காரணத்தால், அந்த மக்களுக்குத் தோய்க்கத் தெரியாது என்று எழுதிவிடுவது தவறு. தாழியில் எரிந்த எலும்பு உள்ளதா என்பதைப் பார்த்த பிறகே அந்த வரியை எழுத வேண்டும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கசடைப் பார்க்கும்போது ஃபயலைட்டும் (இரும்புச் சிலிக்கேட்) உஸ்டைட்டும் (இரும்பு ஆக்சைடு) தெரிந்தால், அது இரும்பை உருக்காமல் திடநிலையிலேயே தாதுவிலிருந்து பிரித்தெடுத்ததாக இருக்கலாம் என்று கொள்ளலாம். கரிமம் மிகுந்து கசடே இல்லாதிருந்தால் மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலம்) உருக்கிய எஃகா என்று ஆராய வேண்டும்.

காலக்கணிப்பில்தான் மிகுந்த நிதானம் தேவை. எஃகில் கலந்துள்ள கரிமம் உலைக்கரியிலிருந்து வந்தது என்பதால், அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து எஃகின் காலத்தையே நேரடியாகக் கணிக்கலாம். தமிழ்நாட்டில் மேட்டூருக்கு அருகிலுள்ள மாங்காட்டில் கிடைத்த வாளுக்கு அவ்வாறு கி.மு. 1604–1416 என்ற கால எல்லை கிடைத்தது. ஏறத்தாழ 1 மில்லிகிராம் கரிமம் வேண்டுமானால், 0.1 விழுக்காடு கரிமமுள்ள இரும்பில் 1 கிராம் உலோகத்தை இழக்க நேரும். அந்தப் பகுதியில் முன்னதாகப் பிசின் பூசியிருந்தாலோ, துருவிலுள்ள கார்பனேட்டை நீக்காமல் விட்டாலோ கணிப்பு பிழையாகும்.

உடன் கிடைத்த கரியைக் கணித்தால், கிடைப்பது கரியின் வயதே. தூத்துக்குடி மாவட்டத்து ஈமக்காடான சிவகளையில் ஒரு தாழியின் நெல்லுக்கு கி.மு. 1155 என்றும், வேறு மாதிரிகளுக்கு கி.மு. 3345 வரையும் காலம் கிடைத்துள்ளது. ஒரே ஈமக்காட்டிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, ஒரு தாழியின் காலத்தை அடுத்த தாழியின் இரும்புக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. இரும்பு கிடந்த அதே தாழியின் கரி, தானியம், பானையோட்டின் ஒளிர்வுக் கணிப்பு (அதில் தங்கிய கதிர்வீச்சு ஆற்றலை ஒளியாக அளந்து காலம் கணித்தல்) ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, ஆய்வக எண்ணையும் திருத்தப்பட்ட கால எல்லையையும் முழுமையாக அறிக்கையில் தர வேண்டும்.