வலி வருமுன் எழுந்துவிடுங்கள்
முதுகில் அடிபட்டுத் தேறி மீண்டும் வேலைக்குப் போகிறவர்கள், வலித்தால் எழுந்துகொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். கைபேசியில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க வைத்து, அடித்ததும் எழுந்து ஓரிரு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். ஒரே நிலையில் நெடுநேரம் இருந்தால் இடுப்புத் தசைகள் இறுகிவிடும். வேலை மும்முரத்தில் அது தெரியாது. வலி உறைக்கும்போது முதுகு ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும். எழுகிற விதமும் முக்கியம்: நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, கால் பலத்தில் எழுங்கள். இடுப்பைத் திருகிக்கொண்டு பக்கவாட்டில் எழவே கூடாது. நின்றே பார்க்கும் வேலை என்றால், தாழ்வான பலகையில் ஒரு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ ஆனவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொன்ன அளவே அவர்களுக்கு அளவு. கால் மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போனாலோ, மணி வைத்துக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.