பம்ப் புதுசு, கோளாறு பழசு

வெயிலில் கொஞ்ச தூரம் ஓடியதும் என் பெட்ரோல் கார் திணறி நின்றுவிடும். சூடு ஆறினால் கிளம்பும். ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ரிலே எல்லாம் மாற்றியாச்சு. கடைசியில் டேங்குக்குள் இருக்கும் ஃபியூயல் பம்ப்பும் புதிதாகப் போட்டோம். அப்புறமும் அதே கதைதான்.

பம்ப்புக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது: கழற்றிய நிலையில் கரண்ட் ஓடாததால், இணைப்பு மோசமாக இருந்தாலும் மீட்டரில் தெரியாது. கனெக்டரை மாட்டி, இன்ஜின் ஓடும்போதே பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்துப் பார்த்தேன்: 9 வோல்ட்தான். அந்த அளவில் பம்ப் மெதுவாகச் சுற்றும், பிரஷர் விழும். கனெக்டரின் வயர் வரும் பக்கத்தில் எர்த் (நெகட்டிவ்) முனை பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கருகிய வயர் நுனியை வெட்டிப் புது கனெக்டர் போட்டேன். இப்போது மத்தியான வெயிலிலும் நிற்காமல் ஓடுகிறது. அப்பாடா!