ஆடிக் காற்றில் கூடாரமும் தார்ப்பாயும் பறக்காமல் கட்டுவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஆடிக் காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். கண்மாய்க் கரையில் போட்ட கூடாரமானாலும் சரி, வாசலில் கட்டிய தார்ப்பாய்ப் பந்தலானாலும் சரி, சாதாரணக் கட்டு தாங்காது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது.

கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் மேற்கே, வாசல் கிழக்கே. தார்ப்பாயின் மேற்கு ஓரத்தை நன்றாக இறக்கிக் கட்டுங்கள். அடியில் புகுந்த காற்றுதான் தூக்கி எறியும்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் நம் ஊர்ச் சரளை மண்ணில் வளைந்துவிடும். 12 எம்எம் கம்பியை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, தலையைக் கொக்கியாக வளைத்து வாங்கிக்கொள்ளுங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்புறம் சாய்ந்திருக்கட்டும். கொக்கி தரையைத் தொடும்வரை அடியுங்கள். மணலாக இருந்தால் முளை நிற்காது. மணல் நிரப்பிய சாக்கின் நடுவில் கயிற்றைக் கட்டி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். தார்ப்பாய் கிழிவது பெரும்பாலும் ஓரத்தில் உள்ள வளையத்தில்தான். மொத்த இழுவையும் அந்தச் சின்ன ஓட்டையில் விழுகிறது. எனவே வளையத்தை விட்டுவிடுங்கள். எலுமிச்சம்பழ அளவு கூழாங்கல் ஒன்றை மூலையிலிருந்து ஒரு சாண் உள்ளே, துணியின் அடியில் வைத்து, மேலிருந்து துணியோடு சேர்த்துப் பிடியுங்கள். கல்லின் கழுத்தில் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். இழுக்க இழுக்க இறுகும், துணியும் கிழியாது. கல் வழவழப்பாக இருக்க வேண்டும். முனையுள்ள சரளைக்கல் துணியைக் குத்திவிடும்.

கயிறு என்றால் என் தேர்வு நைலான்தான். கொஞ்சம் நீண்டு கொடுத்து, திடீர் வீச்சின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் நனைந்தால் தளரும், அதனால் மழைக்குப் பிறகு மறுபடி இழுத்துக் கட்டுங்கள். அதற்கு லாரியில் லோடு கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு போல வசதியானது வேறில்லை. அவர்களிடமே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள், மகிழ்ச்சியாகக் காட்டித் தருவார்கள்.

இடி கேட்டாலோ, கருமேகத்தோடு காற்று திசை மாறினாலோ தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். எந்தக் கட்டும் அதற்கானது அல்ல.

பின்சேர்க்கை: முளை அடிக்க முடியாத தளத்தில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் கட்டுங்கள். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. பழைய வீடுகளில் ஓட்டுச் சட்டத்தில் மட்டும் கயிறு கட்டவே வேண்டாம், பந்தலோடு ஓடும் சரியும்.