டங்ஸ்டன் சுவர் உருகுமா? கணிப்பானில் போட்டுப் பார்க்கும் முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ கொலுசுப் பட்டறையில் சற்று நேரம் நின்றவர்கள், ஊதுகுழலின் சுடர் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதைக் கவனித்திருப்பார்கள். பற்றாசு உருக வேண்டும். 962 டிகிரி செல்சியஸில் உருகும் வெள்ளி வளையமோ உருகிவிடக் கூடாது. லேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெறும் அணுக்கரு இணைவு உலையின் டங்ஸ்டன் சுவரைப் பற்றிய கணக்கும் இப்படி வெப்பத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான். பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் உலையின் அடிப்பகுதியான டைவர்ட்டர், சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பத்தைத் தொடர்ந்து தாங்க வேண்டும். அந்தச் சீரான வெப்பத்தைக் குளிர்விக்கும் நீர் கொண்டுபோய்விடும். உலைக்குள் காந்தப்புலத்தால் பிடித்துவைத்திருக்கும் மிகச் சூடான மின்னேற்ற வாயுவான பிளாஸ்மா திடீரென வெடித்துச் சிதறும் மில்லி விநாடிகளில் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே கணக்கிடப் போகிறோம்.

முதலில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஆற்றலை மெகாஜூலில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, அது விழும் நேரத்தை விநாடியில் எழுதி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, ஆற்றலை அதனால் வகுங்கள். குளிர்ந்த நிலையிலுள்ள டங்ஸ்டனுக்கு விடை ஏறத்தாழ 50-ஐத் தாண்டினால் மேற்பரப்பு 3422 டிகிரியை எட்டி உருகத் தொடங்கும்.

2 மெகாஜூல் ஒரு மில்லி விநாடியில் விழுந்தால் விடை 63, உருகும். அதே 2 மெகாஜூல் நான்கு மில்லி விநாடிகளில் பரவி விழுந்தால் விடை 32, உருகாது. வர்க்கமூலம் ஏன் வருகிறது என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெப்பம் உலோகத்துக்குள் இறங்கும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. ஒரு மில்லி விநாடியில் அது கால் மில்லிமீட்டர் அளவே இறங்குவதால், அத்தனை ஆற்றலையும் அந்த மெல்லிய அடுக்கே ஏற்க நேர்கிறது.

மூன்றாவதாக, சுவர் ஏற்கெனவே எவ்வளவு சூடாக உள்ளது என்று பாருங்கள். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இதுதான். சுவர் முன்பே 1500 டிகிரியில் இருந்தால் எல்லை 50-இலிருந்து சுமார் 28-ஆகக் குறையும். அப்போது ஒரே ஒரு மெகாஜூல் ஒரு மில்லி விநாடியில் விழுந்தாலும் உருகிவிடும்.

உருகியது அதே இடத்தில் உறைந்துவிட்டால் இழப்பு சிறிதுதான். ஆனால் சூடான டங்ஸ்டனிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுவதால் உலோகத்துக்குள் மின்னோட்டம் பாய்கிறது. அதன்மீது வலிய காந்தப்புலம் செலுத்தும் விசை, உருகிய அடுக்கை ஒரு பக்கமாகத் தள்ளிக் குவிக்கிறது. இங்கிலாந்திலிருந்த ஜெட் (JET) என்ற இணைவு ஆய்வு உலையில் 2013-இல் ஒரு டங்ஸ்டன் தகட்டின் விளிம்பை வேண்டுமென்றே துருத்தி நிற்கவைத்து, இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

உருகாமலேயே நிகழும் அரிப்பு வேறு வகையானது: 200 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு (அணுத்துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) சற்று மேற்பட்ட ஆற்றலுடன் மோதும் டியூட்டீரிய அயனி, அதாவது பிளாஸ்மாவிலுள்ள கன ஹைட்ரஜனின் மின்னேற்ற அணு, டங்ஸ்டன் அணுவைப் பெயர்த்தெடுக்கும். அணு எண் 74 கொண்ட அந்த அணு பிளாஸ்மாவின் நடுவே சென்றால், ஒளியாக ஆற்றலை உமிழ்ந்து அதைக் குளிர்விக்கும்.

கடைசியாக விளிம்புகளைப் பாருங்கள். துருத்திய விளிம்பில் வெப்பம் ஏறக்குறைய நேர்க்குத்தாக விழுவதால், சமதளத்துக்குப் போட்ட கணக்கு அங்கே பொருந்தாது. அதனால்தான் ஐட்டரின் டங்ஸ்டன் கட்டிகளை அரை மில்லிமீட்டர் சரிவாகச் செதுக்கி, ஒவ்வொன்றின் விளிம்பும் முந்தைய கட்டியின் நிழலில் மறையுமாறு அமைக்கிறார்கள்.